ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு: உயர்நிலைப் பள்ளிக் கணக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போடும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சில பெற்றோர் கேட்டவையும் உண்டு. தெரியாத எண்ணை இங்கே க என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது ஒன்று தேவைப்பட்டால் ம. உங்கள் புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். எழுத்து எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

வகுப்பில் எல்லாம் புரிகிறது. வீட்டில் தனியாகப் போட்டால் முதல் வரியே வரவில்லை. ஏன்?

வகுப்பில் நீங்கள் பார்த்தது ஒவ்வொரு படியும் சரியா என்பதை. அடுத்து எந்தப் படி என்ற முடிவை ஆசிரியர் எடுத்துவிட்டார். வீட்டில் அந்த முடிவை நீங்கள் எடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு திறமை, முதலாவது வந்துவிட்டதால் இரண்டாவதும் வந்துவிடாது.

நான் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் இதுதான். தீர்வு எழுதப்பட்ட கணக்கு ஒன்றை எடுத்து, தீர்வை ஒரு தாளால் மூடுங்கள். முதல் வரியை நீங்களே எழுதுங்கள். பிறகு தாளை ஒரு வரி மட்டும் கீழே நகர்த்திப் பாருங்கள். ஒத்துப்போனால் அடுத்த வரி. ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். "மேல் வரிக்கு நான் என்ன செய்தேன்? செய்த பிறகும் அது உண்மைதானா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான். பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் நடக்கின்றன.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோனால் குறி ஏன் மாறுகிறது?

உண்மையில் எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். சமக்குறியை 1557-இல் அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்ட், இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான பொருள் வேறில்லை என்பதால்தான் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சமம் கெடாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலை.

5க − 7 = 2க + 11 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு பக்கமும் 7 கூட்டினால்: 5க = 2க + 18
இரண்டு பக்கமும் 2க கழித்தால்: 3க = 18
இரண்டு பக்கமும் 3-ஆல் வகுத்தால்: க = 6

சரிபார்ப்போம். இடப்பக்கம் 30 − 7 = 23. வலப்பக்கம் 12 + 11 = 23. சரி.

முதல் படியில் −7 மறைந்து மறுபக்கம் +7 ஆகத் தெரிவதைத்தான் "குறி மாறும்" என்று சுருக்கிச் சொல்கிறோம். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி இந்தச் செயலுக்கு அல்-ஜப்ர் என்று பெயர் வைத்தார், குறைந்ததை மீண்டும் நிரப்புவது என்று பொருள். அல்ஜீப்ரா என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான்.

சுருக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் தெரியுமா? 3க = 18 என்ற வரியில். 3-ஐ மறுபக்கம் கொண்டுபோய் க = 18 − 3 என்றோ, குறியை மாற்றி −3-ஆல் வகுத்தோ எழுதுகிறார்கள். 3 இங்கே கூட்டப்படவில்லை, க-வைப் பெருக்குகிறது. ஆகவே வகுக்க வேண்டும், குறியும் மாறாது. "இரண்டு பக்கமும் என்ன செய்தேன்" என்று ஓரத்தில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தத் தவறு வருவதில்லை.

அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் வந்தால் எப்போதும் தப்பாகிறது. என்ன செய்ய?

4 − 3(க − 5) = 1 என்ற கணக்கைப் பாருங்கள். பலர் 4 − 3க − 15 = 1 என்று விரிக்கிறார்கள். வெளியே இருப்பது 3 அல்ல, −3. அது உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும். −3 × −5 = +15.

4 − 3க + 15 = 1
19 − 3க = 1
3க = 18
க = 6

கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் கூட்டல் எப்படி வரும் என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்வி, அதை "விதி அப்படித்தான்" என்று தட்டிக்கழிக்கக் கூடாது. 5 + (−5) என்பது பூச்சியம். ஆகவே −3-ஐ அதனால் பெருக்கினாலும் பூச்சியம்தான் வர வேண்டும். பிரித்துப் பெருக்கினால் முதல் துண்டு −3 × 5 = −15. மொத்தம் பூச்சியமாக வேண்டுமென்றால் இரண்டாவது துண்டு +15 ஆகத்தான் இருக்க முடியும். வேறு வழி இல்லை. குறை எண்களுக்கான இந்த விதிகளைப் பிரம்மகுப்தர் 628-இலேயே எழுதிவைத்துவிட்டார். மிகை எண்களைச் செல்வம் என்றும் குறை எண்களைக் கடன் என்றும் அவர் அழைத்தார்.

பின்னம் உள்ள சமன்பாட்டைப் பார்த்தாலே பயம். எளிய வழி உண்டா?

பின்னத்தோடு போராட வேண்டாம், முதல் படியிலேயே அதை ஒழித்துவிடுங்கள். பகுதிகளின் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடித்து எல்லா உறுப்புகளையும் அதனால் பெருக்குங்கள்.

(2க − 1)/3 − (க − 3)/4 = 5

3, 4 இவற்றின் மீ.சி.ம. 12. எல்லாவற்றையும் 12-ஆல் பெருக்கினால்:

4(2க − 1) − 3(க − 3) = 60
8க − 4 − 3க + 9 = 60
5க + 5 = 60
க = 11

சரிபார்க்க: 21/3 − 8/4 = 7 − 2 = 5.

இதில் இரண்டு குழிகள் உண்டு. வலப்பக்கத்து 5-இல் பின்னம் இல்லை என்பதால் அதை 12-ஆல் பெருக்க மறப்பது முதலாவது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. பின்னக்கோடு ஒரு கண்ணுக்குத் தெரியாத அடைப்புக்குறி. அதன் மேலே இருக்கும் க − 3 ஒரே பொட்டலம். கோடு மறைந்ததும் அடைப்புக்குறியை நீங்கள் போட வேண்டும். போடாமல் −3க − 3 என்று எழுதினால், முந்தைய கேள்வியில் பார்த்த தவறு இன்னொரு வேடத்தில் வந்துவிடும்.

மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தால் வெட்டிவிடலாமா?

பெருக்கலாக இருந்தால் வெட்டலாம், கூட்டலாக இருந்தால் முடியாது. (க + 6)/6 என்பதில் 6-ஐ வெட்டி க என்று எழுதுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். க = 6 என்றால் 12/6 = 2; வெட்டி எழுதிய விடையோ 6 என்கிறது. இந்தச் சோதனைக்குப் பத்து விநாடிகூட ஆகாது.

(க + 3)² = க² + 9 என்பதையும் இப்படியே சோதிக்கலாம். க = 1 போட்டால் ஒரு பக்கம் 16, மறுபக்கம் 10. விடுபட்டது நடுவில் உள்ள 6க. √(9 + 16) என்பது 3 + 4 அல்ல, 5.

இருபடிச் சமன்பாட்டுக்கு மூன்று வழி சொல்கிறார்கள். எப்போது எதைப் பயன்படுத்துவது?

மூன்றும் ஒரே மரத்தின் கிளைகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் காரணிப்படுத்துதல். 6க² − 7க − 3 = 0. முதல் கெழுவையும் (க²-க்கு முன்னால் உள்ள எண்) கடைசி எண்ணையும் பெருக்கினால் −18. பெருக்கினால் −18, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்கள் −9, 2. நடு உறுப்பை அப்படிப் பிரிப்போம்:

6க² − 9க + 2க − 3 = 0
3க(2க − 3) + 1(2க − 3) = 0
(3க + 1)(2க − 3) = 0
க = −1/3 அல்லது க = 3/2

கடைசிப் படி ஏன் செல்லுபடியாகிறது? இரண்டு எண்களைப் பெருக்கிப் பூச்சியம் வந்தால், அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தே ஆக வேண்டும். பூச்சியத்துக்கு மட்டும் உள்ள தனிக்குணம் இது. அதனால்தான் (க − 2)(க − 3) = 2 என்ற கணக்கில் க − 2 = 2 என்று எழுதக் கூடாது. பெருக்கி 2 வர ஆயிரம் வழி உண்டு. விரித்து, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் க² − 5க + 4 = 0 ஆகும்; விடை 1, 4.

இரண்டு நிமிடம் தேடியும் எண்கள் அகப்படவில்லை என்றால் காரணிப்படுத்துதலை விட்டுவிடுங்கள். தேர்வில் அதற்கு மேல் தேடுவது நேர விரயம்.

அடுத்து வர்க்கப் பூர்த்தி. பலருக்கு இது வெறும் தந்திரமாகத் தெரிகிறது. அல்-குவாரிஸ்மி போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம்: க² + 10க = 39. ஒரு தாளில் க பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். 10க-வை இரண்டாகப் பிரித்து, 5 அகலமும் க நீளமும் உள்ள செவ்வகம் ஒன்றைச் சதுரத்தின் வலப்புறமும் இன்னொன்றைக் கீழ்ப்புறமும் ஒட்டுங்கள். இப்போது மொத்தப் பரப்பு 39. ஆனால் ஒரு மூலை காலியாக இருக்கிறது. அந்த மூலை 5-க்கு 5, அதாவது 25. அதை நிரப்பினால் முழுச் சதுரம் கிடைக்கும்; பரப்பு 39 + 25 = 64. ஆகவே (க + 5)² = 64, க + 5 = 8, க = 3. பரப்பைப் பற்றிப் பேசியதால் அவர் மிகை விடையோடு நின்றார். நாம் க + 5 = −8 என்பதையும் எடுத்துக்கொண்டு −13 என்ற இரண்டாவது விடையையும் எழுதுகிறோம். "பாதியை எடு, வர்க்கம் ஆக்கு, இரண்டு பக்கமும் கூட்டு" என்ற மந்திரத்துக்கு அந்தக் காலி மூலைதான் காரணம். படத்தை ஒரு முறையாவது கையால் வரைந்துவிடுங்கள், பிறகு படி மறக்காது.

மூன்றாவது சூத்திரம். அது வர்க்கப் பூர்த்தியைப் பொதுவாகச் செய்துவைத்ததுதான். பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரர் சொன்ன வழி என்று 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் மேற்கோள் காட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் பின்னமே நுழைவதில்லை. அ·க² + ஆ·க + இ = 0 என்ற சமன்பாட்டை முதலில் 4அ-ஆல் பெருக்குங்கள். இ உள்ள உறுப்பை மறுபக்கம் வைத்து, இரண்டு பக்கமும் ஆ² கூட்டுங்கள்:

4அ²·க² + 4அ·ஆ·க + ஆ² = ஆ² − 4அ·இ

இடப்பக்கம் அப்படியே (2அ·க + ஆ)². வர்க்கமூலம் எடுத்து க-வைத் தனியாக்கினால் புத்தகத்தில் உள்ள சூத்திரம் வந்து நிற்கும்: க = (−ஆ ± √(ஆ² − 4அ·இ)) / 2அ.

பயன்படுத்திப் பார்ப்போம். 2க² − 4க − 3 = 0. இங்கே அ = 2, ஆ = −4, இ = −3. குறியோடு சேர்த்து எழுதிவைத்துக்கொண்ட பிறகே சூத்திரத்தில் இடுங்கள்.

ஆ² − 4அ·இ = 16 + 24 = 40
க = (4 ± √40)/4 = (2 ± √10)/2

தோராயமாக 2.58, −0.58. தவறு நடக்கும் இடங்கள்: −ஆ என்பது இங்கே +4, (−4)² என்பது 16, −16 அல்ல, 2அ-ஆல் வகுப்பது மூலக்குறியை மட்டும் அல்ல, மேலே உள்ள முழுவதையும்.

வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்தால்?

மெய்யெண்களில் விடை இல்லை. ஆ² − 4அ·இ என்ற அந்தப் பகுதிக்குத் தன்மைகாட்டி என்று பெயர். அது குறை எண் என்றால் வரைபடத்தில் பரவளையம் கிடைமட்ட அச்சைத் தொடவே இல்லை. பூச்சியம் என்றால் ஒரே புள்ளியில் தொட்டுச் செல்கிறது. ஆனால் விடை இல்லை என்று எழுதும் முன் குறிகளை ஒரு முறை திரும்பப் பாருங்கள், பாதி நேரம் அங்கே ஒரு பிழை இருக்கும்.

இரண்டு விடை வந்தால் ஒன்றை எப்போது நீக்க வேண்டும்?

காரணம் சொல்லி மட்டுமே நீக்க வேண்டும். நீளம், வயது, ஆட்களின் எண்ணிக்கை குறை எண்ணாக வந்தால் காரணம் வெளிப்படை. வேறொரு வகை இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

√(க + 6) = க. இரண்டு பக்கமும் வர்க்கம் எடுத்தால் க + 6 = க², அதாவது க² − க − 6 = 0. விடைகள் 3, −2. மூலச் சமன்பாட்டில் 3-ஐப் போட்டால் √9 = 3, சரி. −2-ஐப் போட்டால் √4 = 2, ஆனால் வலப்பக்கம் −2. சரியில்லை. இந்தப் பொய் விடை எங்கிருந்து வந்தது? வர்க்கம் எடுத்த படியிலிருந்து. 2-ம் −2-ம் சமமல்ல, ஆனால் அவற்றின் வர்க்கங்கள் சமம். வர்க்கம் எடுக்கும்போது சமமில்லாதவையும் சமமாகிவிடலாம். ஆகவே வர்க்கம் எடுத்த கணக்கில் சரிபார்ப்பு என்பது தீர்வின் ஒரு பகுதி, விருப்பப்பட்டால் செய்வது அல்ல.

இதற்கு நேர் எதிரானது விடையைத் தொலைப்பது. க² = 5க என்ற கணக்கில் இரண்டு பக்கமும் க-ஆல் வகுத்து க = 5 என்று முடித்துவிடுகிறார்கள். க பூச்சியமாக இருந்தால்? பூச்சியத்தால் வகுக்க முடியாதே. க² − 5க = 0, க(க − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள்; 0, 5 இரண்டும் கிடைக்கும்.

வாக்கியக் கணக்கை எப்படித் தொடங்குவது?

மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், எழுத்து ஒரு பொருளைக் குறிக்காது, ஓர் எண்ணைக் குறிக்கும். "ஓர் ஆசிரியருக்கு 6 மாணவர்கள்" என்ற வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதச் சொன்னால், மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை க என்று வைத்துக்கொண்டு, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட 6ம = க என்று எழுதுகிறார்கள். வாக்கியத்தில் 6-க்குப் பக்கத்தில் மாணவர் என்ற சொல் இருப்பதுதான் காரணம். எண் போட்டுப் பாருங்கள். ஆசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60. 6 × 60 எப்படி 10 ஆகும்? சரியானது ம = 6க. இதே போலத்தான் "ஓர் எண்ணைவிட 5 குறைவு" என்பது க − 5, 5 − க அல்ல.

அதனால் முதல் வரியில் முழு வாக்கியமாக எழுதுங்கள்: "மகளின் இப்போதைய வயது க ஆண்டுகள்." வெறும் "மகள் = க" போதாது.

கணக்கு இது: தாயின் வயது மகளின் வயதைப் போல 4 மடங்கு. 20 ஆண்டுகள் கழித்து 2 மடங்காக இருக்கும். இப்போதைய வயதுகள் என்ன? வயதுக் கணக்குக்குச் சிறு அட்டவணைபோல எழுதிக்கொள்ளலாம். இப்போது: மகள் க, தாய் 4க. 20 ஆண்டு கழித்து: மகள் க + 20, தாய் 4க + 20. ஆண்டுகள் இருவருக்கும் ஓடுகின்றன, ஒருவருக்கு மட்டும் 20 கூட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

4க + 20 = 2(க + 20)
4க + 20 = 2க + 40
க = 10

மகளுக்கு 10, தாய்க்கு 40. 20 ஆண்டில் 30, 60. சரிபார்க்கும்போது உங்கள் சமன்பாட்டில் போடாமல் கேள்வியின் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். சமன்பாடே தப்பாக இருந்தால் அதில் போட்டுச் சரிபார்த்து என்ன பயன்?

வேகக் கணக்கில் வேறொரு குழி. போகும்போது மணிக்கு 60 கி.மீ., திரும்பும்போது 40 கி.மீ. சராசரி வேகம் 50 என்று வாய் தானாகச் சொல்லும். தூரம் 120 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 2 மணி, வர 3 மணி. 240 கி.மீ.க்கு 5 மணி நேரம், ஆகவே மணிக்கு 48 கி.மீ. மெதுவான வேகத்தில் அதிக நேரம் செலவானதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

குழாய்க் கணக்கில் நேரத்தைக் கூட்டாதீர்கள், ஒரு மணி நேரத்தில் நடக்கும் வேலையைக் கூட்டுங்கள். ஒரு குழாய் தொட்டியை 6 மணியில் நிரப்பும், இன்னொன்று 3 மணியில். ஒரு மணியில் 1/6 + 1/3 = 1/2 தொட்டி. ஆக 2 மணி. கணக்கைத் தொடங்கும் முன்பே "3 மணிக்குள்தான் விடை இருக்க வேண்டும்" என்று ஓரத்தில் எழுதிவைத்திருந்தால், 9 அல்லது 4.5 என்று வரும்போது நீங்களே நின்றுவிடுவீர்கள்.

20 சதவீதம் கூட்டி 20 சதவீதம் குறைத்தால் பழைய எண்ணே வர வேண்டாமா?

வராது. 100 முதலில் 120 ஆகிறது. குறைக்கும் 20 சதவீதம் 120-இல் எடுக்கப்படுகிறது, அதாவது 24. மிஞ்சுவது 96. சதவீதம் என்ற சொல்லைப் பார்த்தாலே "எதில் சதவீதம்?" என்று கேளுங்கள். 20 சதவீதம் குறைந்த பின் 240 என்றால் முதலில் இருந்தது 288 அல்ல. 240 ÷ 0.8 = 300.

ஒருங்கமை சமன்பாடுகளில் நீக்கல் முறையா, பிரதியிடல் முறையா?

ஏதாவது ஒரு மாறியின் கெழு 1 ஆக இருந்தால் பிரதியிடல், இல்லையென்றால் நீக்கல். 3க + 2ம = 16, 5க − 3ம = 14. முதலாவதை 3-ஆலும் இரண்டாவதை 2-ஆலும் பெருக்கினால் 9க + 6ம = 48, 10க − 6ம = 28. கூட்டினால் 19க = 76, க = 4, பிறகு ம = 2. இரண்டு மாறிகளும் மறைந்து 0 = 5 போல ஏதாவது வந்தால் பதற வேண்டாம். கோடுகள் இணையானவை, சந்திப்பதே இல்லை என்று பொருள்.

அசமன்பாட்டில் குறி ஏன் திரும்புகிறது?

2 < 5. இரண்டையும் −1-ஆல் பெருக்கினால் −2, −5. எண்கோட்டில் −2 வலப்பக்கம் இருக்கிறது, ஆகவே −2 > −5. குறை எண்ணால் பெருக்குவது எண்கோட்டையே திருப்பிப் போடுவது போல. −2க < 6 என்றால் க > −3.

7-ஆல் வகுபடும் மூன்றிலக்க எண்கள் எத்தனை? எனக்கு எப்போதும் ஒன்று குறைகிறது.

முதல் எண் 105, கடைசி எண் 994. வித்தியாசம் 889, அதை 7-ஆல் வகுத்தால் 127. இது இடைவெளிகளின் எண்ணிக்கை. எண்கள் 128. நூறு மீட்டர் நேர்கோட்டில் பத்து மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் பத்து இடைவெளி, பதினொரு கம்பம். கூட்டுத் தொடர்வரிசையில் (கடைசி − முதல்)/பொது வித்தியாசம் என்பதோடு 1 சேர்ப்பது இதற்காகத்தான். கூட்டுத்தொகை கேட்டால் முதலும் கடைசியும் சேர்ந்து 1099, அப்படி 64 ஜோடிகள்: 70,336.

முக்கோணவியலில் கோபுரக் கணக்குக்குப் படம் வரைந்தும் வரவில்லை.

ஒரு புள்ளியிலிருந்து கோபுர உச்சியின் ஏற்றக் கோணம் 30°. கோபுரத்தை நோக்கி 40 மீட்டர் நடந்தால் 60°. உயரம் என்ன?

படத்தில் இரண்டு செங்கோண முக்கோணங்கள் உள்ளன, இரண்டுக்கும் பொதுவான பக்கம் கோபுரம். இரண்டையும் தனித்தனியாக வரைந்துகொள்ளுங்கள். இரண்டாவது புள்ளியிலிருந்து கோபுர அடிக்கு உள்ள தூரம் க, உயரம் ம என்போம். எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும்தான் பேச்சில் இருக்கின்றன, கர்ணம் இல்லை. ஆகவே டேன்.

டேன் 60° = ம/க, அதனால் ம = க√3
டேன் 30° = ம/(க + 40), அதனால் ம = (க + 40)/√3

இரண்டையும் சமப்படுத்தினால் 3க = க + 40, க = 20, ம = 20√3, ஏறத்தாழ 34.64 மீட்டர்.

இன்னொரு வழியிலும் இதைப் பார்க்கலாம். இரண்டு புள்ளிகளும் கோபுர உச்சியும் சேர்ந்த முக்கோணத்தில் கோணங்கள் 30°, 120°, 30°. இருசமபக்க முக்கோணம்! அப்படியானால் இரண்டாவது புள்ளியிலிருந்து உச்சிக்கு உள்ள தூரமும் 40 மீட்டர்தான். உயரம் = 40 × சைன் 60° = 20√3. சமன்பாடே தேவைப்படவில்லை. இப்படி இரண்டாவது வழி கண்ணில் படும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே கணக்குப் போடலாம்.

கால்குலேட்டரில் சைன் 30 போட்டு −0.988 வந்தால், அது ரேடியனில் இருக்கிறது. பாகைக்கு மாற்றுங்கள்.

இரண்டு பகடையில் (1, 2) என்பதும் (2, 1) என்பதும் ஒன்றுதானே? ஏன் இரண்டாக எண்ண வேண்டும்?

ஒரு பகடை சிவப்பு, இன்னொன்று நீலம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் 1, நீலத்தில் 2 விழுவது ஒரு நிகழ்வு. சிவப்பில் 2, நீலத்தில் 1 விழுவது வேறொரு நிகழ்வு. நிறத்தை அழித்துவிட்டால் பகடைகள் விழும் விதம் மாறிவிடுமா? மாறாது. ஆகவே கூறுவெளியில், அதாவது விழக்கூடிய எல்லா முடிவுகளின் பட்டியலில், 36 புள்ளிகள். (3, 3) மட்டும் ஒரே ஒரு முறை.

இந்தச் சந்தேகத்துக்காக வெட்கப்பட வேண்டியதில்லை. மூன்று பகடைகளின் கூடுதல் 9 வருவதற்கும் 10 வருவதற்கும் ஆளுக்கு ஆறு சேர்க்கைகள் உண்டு. 9-க்கு 1-2-6, 1-3-5, 1-4-4, 2-2-5, 2-3-4, 3-3-3. 10-க்கு 1-3-6, 1-4-5, 2-2-6, 2-3-5, 2-4-4, 3-3-4. அப்படியிருந்தும் ஆடுபவர்களின் அனுபவத்தில் 10 கொஞ்சம் அதிகம் வந்தது. ஏன் என்ற கேள்வி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோவிடம் போயிற்று. அவர் வரிசையையும் சேர்த்து எண்ணிக் காட்டினார். மூன்றும் வேறானால் 6 வழி, இரண்டு ஒன்றானால் 3 வழி, மூன்றும் ஒன்றானால் 1 வழி. மொத்தம் உள்ள 216-இல் 9-க்கு 25, 10-க்கு 27. நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். 3-3-3 எவ்வளவு இழக்கிறது என்பது தெரியும்.

"குறைந்தது ஒரு 6" என்று கேட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். இரண்டு பகடையிலும் 6 வராமல் இருக்க 5 × 5 = 25 வழி. ஆகவே 1 − 25/36 = 11/36. 1/6-ஐ இரு முறை கூட்டி 12/36 என்பவர்கள் (6, 6)-ஐ இரண்டு தடவை எண்ணிவிடுகிறார்கள்.

சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டும், ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது நீங்களே வருவித்த பிறகு. தேர்வறையில் குறி மறந்துபோனால் மனப்பாடம் கைவிடும், வருவித்த நினைவு காப்பாற்றும்.

விடை சரியாக இருந்தும் மதிப்பெண் குறைகிறது. படிகளை எவ்வளவு எழுத வேண்டும்?

உங்களைப் போலவே படிக்கும் நண்பர் ஒருவர், உங்களிடம் எதுவும் கேட்காமல் ஒவ்வொரு வரியையும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு. ஒரே வரியில் இரண்டு வேலை செய்யாதீர்கள், முக்கியமாக அதில் ஒன்று குறி மாற்றமாக இருந்தால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 3 + 5 = 8 × 2 = 16 என்று ஓட்டமாக எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சமக்குறிக்கு "அப்புறம் விடை இது" என்று பொருள் இல்லை. 3 + 5 என்பது 16 அல்லவே.

என் விடை புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப்போகவில்லை. என்ன செய்வது?

முதலில் இரண்டும் ஒன்றேதானா என்று பாருங்கள். 1/√3-ம் √3/3-ம் ஒரே எண். (2 ± √10)/2 என்பதைப் புத்தகம் 1 ± √10/2 என்று எழுதியிருக்கலாம். தசமமாக மாற்றினால் உடனே தெரிந்துவிடும். ஒன்றில்லை என்றால் குறி மட்டும் வேறா, இரண்டு மடங்கா, பாதியா என்று பாருங்கள், அது தவறு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். அப்போதும் புரியவில்லை என்றால் உங்கள் விடையை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பாருங்கள். எந்த வரி வரை சமம் நிற்கிறது, எந்த வரியில் உடைகிறது என்று தெரியும். பிழை அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருக்கும்.

முதல் வரி வரை சமம் உடையவே இல்லை, புத்தகத்தின் விடையைப் போட்டால்தான் உடைகிறது என்றால், கேள்வியைச் சரியாகப் படித்து எழுதினீர்களா என்று ஒரு முறை பாருங்கள். அதுவும் சரி என்றால் புத்தகத்தில் அச்சுப்பிழை. பென்சிலால் திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.